புஷ் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், அனுப்பர்பாளையம் வட்டாரத்து லேத் பட்டறை உரிமையாளர்களே, டர்னர்களே, தையல் மிஷின் மெக்கானிக் அண்ணன்மார்களே,

உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் சின்னதுதான். எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கிற பெண்டுலம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு யாராவது உங்கள் பட்டறை வாசலுக்கு வந்தால், "இதெல்லாம் நம்ம வேலை இல்லீங்க, உள்ளுக்குள்ள இருக்கிறதைக் கழட்டிப் போட்டுட்டு பேட்டரி மிஷின் மாட்டிருங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது உங்கள் வேலைதான். இன்னும் சொன்னால், இந்த ஊரில் அதைச் செய்யக்கூடிய லேத்தும் கையும் உங்களிடம்தான் இருக்கின்றன.

நடக்கிற கதை உங்களுக்கே தெரியும். கடிகாரக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அங்கே மேஜை மேல் கிடப்பது பேட்டரியும் ஸ்ட்ராப்பும். தேடிப் பிடித்து ஒரு பழைய ஆளிடம் கொண்டுபோனால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "புஷ் தேஞ்சு போச்சுங்க. லேத்துல குடுத்துச் செஞ்சு வாங்கிட்டு வாங்க, நான் பூட்டித் தாரேன்" என்பார். லேத்துக்கு வந்தால், "ஒரு எம்.எம். துளைக்கா? இதுக்கு ஓடுற ஜாபை நிறுத்தி செட்டிங் மாத்துனா கட்டாதுங்க" என்பீர்கள். அவருக்குக் கடிகாரம் தெரியும், லேத் இல்லை. உங்களிடம் லேத் உண்டு, கடிகாரம் தெரியாது. இரண்டு வாசலுக்கும் நடுவே அலைந்து களைத்தவர் கடைசியில் நிற்பது பழைய சாமான் கடையில். தாத்தா ஐம்பது வருஷம் சாவி கொடுத்த ஜெர்மன் கடிகாரம் அங்கே பித்தளை விலைக்கு எடை போடப்படுகிறது.

அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், திருப்பித் தரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முதலில் முழுவதும் இறக்கிவிடுங்கள். இறக்காமல் தகட்டைக் கழற்றினால் சக்கரத்துப் பல்லும் போகும், விரலும் போகும். பிறகு பின்தகட்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஸ்பிரிங் உருளைக்கு அடுத்த சக்கரத்தின் அச்சு ஓடிய துளையைத் தேடிப் பாருங்கள். வட்டமாக இருந்த துளை ஒரு பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கும். ஓரத்தில் கறுப்பாக ஒரு பசை. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். கெட்டுப்போன எண்ணெய், பித்தளைப் பொடி, ஸ்டீல் பொடி, நம் ஊர்க் காற்றில் எப்போதும் பறக்கிற பஞ்சு எல்லாம் சேர்ந்த கலவை அது. அடுத்து அச்சின் முனையை, அதாவது பிவட்டை, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கும். பளபளவென்று இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் பள்ளமாக வளையங்கள் விழுந்திருக்கும்.

கடிகாரத்தின் வியாதி அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் உந்துதல் எந்தத் திசையில் அச்சைத் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகத் துளை தேய்கிறது. துளை நகர்ந்தால் சக்கரம் நகர்கிறது. சக்கரம் நகர்ந்தால் பல்லோடு பல் பிடிக்கிற ஆழம் மாறுகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கசிந்து, கடைசியில் பெண்டுலத்தை உதைத்துவிட வேண்டிய எஸ்கேப் சக்கரத்துக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பெண்டுலத்தின் வீச்சு குறைகிறது, கடிகாரம் நிற்கிறது. அரைகுறையாகத் தெரிந்தவர், "ஸ்பிரிங் வீக் ஆயிருச்சு" என்று சொல்லி இன்னும் கனமான ஸ்பிரிங்கை மாட்டிவிடுவார். கடிகாரம் ஓடும். தேய்ந்த துளையை இன்னும் பலமாக அழுத்திக்கொண்டே ஓடும். அடுத்த முறை நிற்கும்போது சேதம் இரண்டு மடங்கு.

மிஷின் மெக்கானிக்குகளுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். கடிகாரம் மெதுவாக ஓடுகிற யந்திரம். அது ஏன் இப்படித் தேய்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள பெண்டுலம் விநாடிக்கு இரண்டு டிக் அடிக்கும். நாளுக்கு 1,72,800. எஸ்கேப் சக்கரத்தில் 30 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 60 டிக், அதாவது அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. நாளுக்கு 2,880 சுற்று, வருஷத்துக்குப் பத்தரை லட்சம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 6,000 தையல் போடுகிற உங்கள் ஓவர்லாக்கின் மெயின் ஷாஃப்ட் இந்தப் பத்தரை லட்சம் சுற்றை மூன்று மணி நேரத்துக்குள் சுற்றி முடித்துவிடும். காலை ஷிப்டில் டீ வருவதற்குள் கடிகாரத்தின் ஒரு வருஷம் தீர்ந்துவிடுகிறது. அந்த எஸ்கேப் சக்கரமாவது பரவாயில்லை. ஸ்பிரிங்குக்கு அடுத்த சக்கரம் நாளெல்லாம் சேர்ந்தே சில சுற்றுகள்தான் சுற்றும். இருப்பதிலேயே மோசமாகத் தேய்வது பெரும்பாலும் அதன் துளைதான்.

பதில் எண்ணெயில் இருக்கிறது. ஓவர்லாக்கில் ஷாஃப்டின் வேகமே எண்ணெயை இழுத்து, தனக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு படலமாகத் தள்ளிவிடுகிறது. ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, ஷாஃப்ட் எண்ணெய் மேல் மிதக்கிறது. கீழே தொட்டி நிறைய எண்ணெய், ஏற்றிவிட பம்ப், அழுக்கைப் பிடிக்க ஃபில்டர் எல்லாம் உண்டு. கடிகாரத்தின் கனத்த சக்கரங்களுக்கு அந்த வேகம் கிடையாது, ஆகவே படலமும் உண்டாவதில்லை. ஸ்டீல் பித்தளை மேல் உட்கார்ந்தபடியே நகர்கிறது. துளைக்கு வெளியே இருக்கிற சின்னக் குழியில் வைத்த ஒரு துளி எண்ணெய்தான் அதற்கு அடுத்த சில வருஷங்களுக்கான மொத்த சொத்து. அந்தத் துளியில் ஒரு பஞ்சு இழை விழுந்தால் போதும், எண்ணெயை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்விடும். நிட்டிங் ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கடிகாரத்துக்கு ஆயுள் குறைவாக இருந்தால் அதில் வியப்பில்லை.

பித்தளை மெத்து, ஸ்டீல் கெட்டி. அப்படியிருக்க ஸ்டீல் பிவட்டில் எப்படிப் பள்ளம் விழுகிறது என்று கேட்பவர்களுக்கு லாப்பிங் வேலை தெரிந்த டர்னரே பதில் சொல்லிவிடுவார். மணல் துகளும் துருத் துகளும் மெத்தான உலோகத்தில் போய்ப் புதைந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிரே சுற்றுகிற கெட்டி உலோகத்தை அறுக்கும். நீங்கள் வேண்டுமென்று செய்கிற வேலையைத் தூசி தானாகவே செய்கிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. புஷ் விஷயத்தில் உங்கள் கை பழகிய சில வழக்கங்கள் கடிகாரத்துக்கு ஆகாது. டேபிள் ஃபேனில் இருக்குமே எண்ணெய் ஊறிய சின்டர்டு புஷ், அதையே கடைந்து போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேகத்திலும் சூட்டிலும்தான் எண்ணெயை வெளியே விடும். கடிகாரத்தில் இரண்டும் கிடையாது. போதாக்குறைக்குக் கடையும்போதே அதன் நுண்துளைகள் அடைபட்டுப்போகும். மோட்டார் பம்புக்குப் போட்ட கன்மெட்டல் புஷ்ஷின் மிச்சத் துண்டும் பட்டறை மூலையில் கிடக்கும். வார்ப்பில் வந்த உலோகத்தில் அங்கங்கே காற்றுப் புரை இருக்கலாம். முக்கால் இஞ்ச் ஷாஃப்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு மில்லிமீட்டர் பிவட்டுக்கு அந்தப் புரை ஒரு கிணறு.

சரி, எந்த உலோகம்தான் நல்லது? கடிகாரக்காரர்களுக்குள் ஓயாத சண்டை இது. தகடு பித்தளை என்றால் புஷ்ஷும் பித்தளைதான் என்பது ஒரு கட்சி. தேய்வதானால் மாற்றக்கூடிய புஷ் தேயட்டும், மாற்றக் கஷ்டமான பிவட் தேய வேண்டாம் என்பது அவர்கள் நியாயம். பாஸ்பர் பிரான்ஸ் கெட்டியானது, சுமையைத் தாங்கும், ஸ்பிரிங்குக்குப் பக்கத்துத் துளைகளுக்கு அதுதான் சரி என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் வருஷக்கணக்கில் ஓடும் கடிகாரங்களைச் சாட்சிக்குக் கொண்டுவருவார்கள். நம் ஊர் நிலைமைக்கு ஒரு நடுவழி போதும். எஸ்கேப் சக்கரம் போன்ற லேசான இடங்களுக்கு ஐ.எஸ். 319 தரத்து ஃப்ரீ கட்டிங் பித்தளை ராடு. அதில் சிறிது ஈயம் கலந்திருப்பதால் சிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, சின்னத் துளையும் சுத்தமாக வரும். சுமை விழும் துளைகளுக்கு இழுத்த பாஸ்பர் பிரான்ஸ் ராடு. பெரிலியம் காப்பர் இன்னும் உசத்தி என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கடையும்போதும் தீட்டும்போதும் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பஞ்சுத் தூசி ஒன்றே நமக்குப் போதும்.

உண்மையில் இந்த உலோகச் சண்டை இரண்டாவது விஷயம். முதல் விஷயம் பிவட். இந்த மடலில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: பள்ளம் விழுந்த பிவட்டுக்குப் புது புஷ் போடாதீர்கள். தங்கத்திலேயே புஷ் செய்து போட்டாலும் அந்தப் பிவட் ரீமர் மாதிரி வேலை செய்து சீக்கிரமே அறுத்துவிடும். முதலில் சக்கரத்தைக் கோலெட்டில் பிடித்து, மெல்லிய அரத்தால் பள்ளம் மறையும் வரை எடுத்து, பிறகு பர்னிஷர் போடுங்கள். பர்னிஷர் வெட்டுவதில்லை. உலோகத்தின் மேல்தோலை அமுக்கி, கெட்டியாக்கி, கண்ணாடியாக்குகிறது. எமரிப் பேப்பரோடு நிறுத்திக்கொள்வது பலருடைய வழக்கம். எமரித் துகளை அங்கேயே விட்டுவிட்டால் அதுவும் புஷ்ஷில் போய்ப் புதையும், பழைய கதை மறுபடி ஆரம்பம்.

1980களை ஒட்டி வந்த சில ஜெர்மன் மூவ்மென்டுகளில் பிவட்டுக்கு மேலே முலாம் பூசியிருப்பார்கள். முலாம் உரிந்திருந்தால் தேய்த்துப் பயன் இல்லை. பழைய பிவட்டை வெட்டி எடுத்து, அச்சின் நடுவில் துளை போட்டு, புது ஸ்டீல் கம்பி பதிக்க வேண்டும். அச்சு கெட்டி ஸ்டீலாக இருந்தால் முனையை நீல நிறம் வரும் வரை சூடாக்கி இளக்கினால்தான் டிரில் இறங்கும். அச்சின் நட்ட நடுவில் ஒரு மில்லிமீட்டர் துளை போடுவது யாருக்கும் எளிதில்லை. ஆனால் இந்த ஊரில் யாரால் முடியும் என்று கேட்டால் உங்கள் பக்கம்தான் கை நீளும்.

இனி புஷ். லேத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தப்பு, வெளிவட்டத்தைக் கடைந்து, திருப்பிப் பிடித்து, உள்துளையை அப்புறம் போடுவது. மூன்று தாடைச் சக்கில் திருப்பிப் பிடித்த பொருள் எவ்வளவு ஆடும் என்று உங்களுக்கே தெரியும். பம்ப் புஷ்ஷில் அந்த ஆட்டம் கணக்கிலேயே வராது. இங்கே துளையே ஒரு மில்லிமீட்டர். ஒரே பிடிப்பில் துளையும் வெளிவட்டமும் முடித்து, கடைசியில் வெட்டி எடுத்தால் மட்டுமே இரண்டுக்கும் மையம் ஒன்றாக நிற்கும்.

அடுத்த தப்பு தகட்டில் நடக்கும். தேய்ந்த துளைக்குள் அப்படியே ரீமரை விட்டால், ரீமர் தேய்ந்த பக்கமாகவே போகும். துளை பெரிதாகும், ஆனால் தப்பான இடத்தில். ஆகவே ரீமர் எடுக்கும் முன், தேயாத எதிர்ப் பக்கத்தை ஊசி அரத்தால் அதே அளவுக்கு ராவி, துளையை இரண்டு பக்கமும் சமமாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அப்போது ரீமர் பழைய மையத்திலேயே இறங்கும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடிகாரக்காரருக்கும் துளை பெரிசு பண்ணுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு புஷ்ஷைத் தகட்டின் உள்பக்கமிருந்து அழுத்தி ஏற்றுங்கள். அழுத்தத்தின் பிடிப்பிலேயே புஷ் நிற்க வேண்டும். லாக்டைட், ஈயம், பசை எதுவும் வேண்டாம். துளையை ப்ரோச்சால் கடைசி அளவுக்குக் கொண்டுவந்து, வழவழப்பு ப்ரோச்சால் சுற்றி முடியுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிவட்டுக்கு 0.04, 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. மிஷின் வேலையில் 'டைட் ஃபிட்' என்பது பெருமை. கடிகாரத்தில் அது மூச்சுத் திணறல். புஷ்ஷில் சக்கரத்தை மட்டும் நிறுத்திவைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் ஐந்து டிகிரி அளவுக்குத் தாராளமாகச் சாய வேண்டும். இரண்டு தகடும் பூட்டிய பிறகு அச்சுக்கு மேலும் கீழும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். எண்ணெய்க் குழியை மறக்காதீர்கள். அந்தக் குழியின் வளைவுதான் துளியைப் பிவட்டைவிட்டு நகராமல் பிடித்துவைக்கிறது.

கோபப்படாமல் கேளுங்கள், ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் சிலர் கை வைத்த கடிகாரங்கள் கைவைக்காதவற்றைவிட மோசமாக இருக்கின்றன. துளை பெருத்திருக்கிறதா, சுற்றிலும் சென்டர் பஞ்சால் நாலு குத்து. பித்தளை உள்ளே நெளிந்து பிவட்டைத் தொடும், கடிகாரம் சில மாதம் ஓடும். அந்த நெளிந்த முனைகள் தேய்ந்ததும் முன்பைவிடப் பெரிய துளை. அடுத்து வருகிறவருக்கு அங்கே ஒழுங்கான பித்தளையே மிச்சமிருக்காது. இன்னும் சில தகடுகளில் ஈயப் பற்று வைத்து, மேலே ஒரு பித்தளைத் துண்டை ஒட்டி, அதில் ஆணியால் துளை போட்டிருக்கும். இந்த வேலைக்குக் கூலியும் வாங்கியிருப்பார்கள்.

எண்ணெய் இன்னொரு பாவம். வீட்டுக்காரர்கள் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். மார்கழிக் காலையில் குப்பிக்குள்ளேயே உறைந்துபோகிற எண்ணெயைக் கடிகாரத்துக்கு விட்டால், அது காலையில் நின்றுபோவதில் ஆச்சரியம் என்ன? விளக்கெண்ணெய் பிசினாகிவிடும். உங்களிடம் கேன் கேனாக இருக்கிற வெள்ளை மிஷின் ஆயிலும் சரிவராது. தண்ணீர் பதத்தில் இருப்பதால் துளையில் நிற்காமல் தகடு முழுக்கப் பரவி வழிந்துவிடும், பிவட் காய்ந்து கிடக்கும். ஓடாத போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே அதைவிட மோசம், பழைய எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விட்டுத் தானும் காய்ந்து பிசுபிசுத்து நிற்கும். கடிகார எண்ணெய் என்றே விற்கிறது. ஒரு சின்னக் குப்பி வாங்கினால் பல கடிகாரத்துக்கு வரும்.

கழுவுகிற விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிப்பவர்களுக்குப் பித்தளையின் குணம் அத்துப்படி. ஆனால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கிற முறையைக் கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டாம். புளியின் அமிலம் ஸ்டீல் பல்லிடுக்கில் தங்கித் துருவாகும். அம்மோனியா கலந்த கரைசலில் இரவெல்லாம் ஊறப்போடுவதும் ஆபத்து. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அழுத்தி ஏற்றிய புஷ்ஷைச் சுற்றியுள்ள பித்தளை எந்நேரமும் இறுக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு அம்மோனியாக் குளியல் கொடுத்து ஊறவைப்பது வெடிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

எண்ணெயும் தேய்மானமும் சேர்ந்த இந்தத் தலைவலியை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தச்சர் வேறு வழியில் தீர்த்தார். இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன், கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் கடிகாரத்தால் பின்னாளில் பெயர் பெற்றவர், 1720களில் பிராக்லெஸ்பி பார்க் மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்தார். எண்ணெய் கெடும், கெட்டால் கடிகாரம் நிற்கும், ஆகவே எண்ணெயே வேண்டாம் என்று முடிவு கட்டினார். லிக்னம் வைட்டே என்ற மரத்தில் புஷ் போட்டார். அந்தக் கட்டைக்குள்ளேயே பிசின் எண்ணெய் ஊறியிருக்கும், வெளியிலிருந்து ஒரு சொட்டும் விட வேண்டியதில்லை. அந்தக் கடிகாரம் இன்றும் இருக்கிறது, ஓடுகிறது.

இன்னொரு வழி கல். 1704இல் லண்டனில் நிக்கோலா ஃபாசியோ என்பவரும் டெபோஃப்ரே சகோதரர்களும் மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதில் பிவட்டை ஓடவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கல்லில் தூசி புதையாது, ஸ்டீலை அறுக்காது. அசல் மாணிக்கம் ராஜாக்களுக்குத்தான் கட்டும். 1902இல் ஓகுஸ்த் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் பொடியை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டதும் விலை இறங்கியது. அதே வகைச் செயற்கைக் கல் நம் மேட்டுப்பாளையத்திலும் இந்தோ-ஸ்விஸ் கம்பெனியில் உருவானது, திருச்சிப் பக்கம் வீடு வீடாகச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டினார்கள். உங்கள் அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை எடுத்துப் பாருங்கள், 17 ஜுவல்ஸ் என்று இருக்கும். அந்தப் பதினேழும் இந்தக் கல்தான். அந்தக் கைக்கடிகாரம் அவ்வளவு காலம் உழைத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. சுவர்க் கடிகாரம் செய்த கம்பெனிகள் அந்தச் செலவுக்குப் போகவில்லை. பித்தளைத் தகட்டிலேயே துளை போட்டு விட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல் நகைக்கடைக்காரர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

'கம்பெனியே மூடிப்போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது' என்பது அடுத்த சாக்கு. அமெரிக்காவின் அன்சோனியா கம்பெனி 1929இலேயே முடிந்துபோனது. அதன் கடிகாரங்கள் இன்னும் ஓடுவது யாரோ ஒரு டர்னர் எங்கோ உட்கார்ந்து புஷ் போட்டதால்தான். லக்னோவின் ஹுசைனாபாத் மணிக்கூண்டு 1984இல் நின்றது. லண்டனின் ஜே. டபிள்யூ. பென்சன் கம்பெனி செய்த கடிகாரம். 27 வருஷம் ஊமையாக நின்ற அதை 2011இல் திரும்ப ஓடவைத்தவர்கள் லண்டன்காரர்கள் இல்லை, லக்னோக்காரர்கள் இருவர். புஷ் என்பது பார்ட்ஸ் கடையில் கிடைத்தே தீரவேண்டிய சாமானா? இத்தாலியிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த மிஷினுக்கு ஆர்டர் நெருக்கடியில் ராத்திரியோடு ராத்திரியாக உதிரி கடைந்து பூட்டிய ஊர் இது. ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பல் தேதி தவறக்கூடாது என்றால் எதையும் செய்வீர்கள். கடிகாரத்துக்குக் கப்பல் தேதி இல்லை என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

கட்டாது என்கிறீர்கள். ஒன்றிரண்டு புஷ்ஷுக்கு லேத்தை நிறுத்தி செட்டிங் மாற்றினால் நிச்சயம் கட்டாது, அந்த வாதம் நியாயம். ஆனால் ஜாப் ஒர்க்கில் வளர்ந்த ஊருக்கு இதற்கு வழி சொல்லித் தர வேண்டுமா? ஜெர்மனியின் கே.டபிள்யூ.எம். கம்பெனியும் சுவிட்சர்லாந்தின் பெர்ஷோன் கம்பெனியும் கடிகார புஷ்ஷுக்கு என்ன செய்கின்றன? சில வெளிவட்ட அளவுகளை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு, உள்துளையைப் பல அளவில் போட்டு, நம்பர் கொடுத்து டப்பாவில் விற்கின்றன. வெளிவட்டத்துக்குப் பொருந்தும் ரீமரும் கூடவே. வாங்குகிறவருக்கு லேத்தே தேவையில்லை. கையால் ரீமர் விட்டு, அழுத்தி ஏற்றி, ப்ரோச் போட்டால் முடிந்தது. அங்கிருந்து வரவழைத்தால் சாமான் விலையோடு சுங்கமும் கூரியரும் ஏறி, நம் ஊர்க் கடிகாரக்காரருக்குக் கை எட்டுவதில்லை.

அதைத்தான் உங்களிடம் கேட்பது. நாலைந்து பட்டறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வெளிவட்டத்துக்கு மூன்று அளவை முடிவு செய்யுங்கள். 3, 4, 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே வீட்டுக் கடிகாரங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். உள்துளை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை படிப்படியாக. தகட்டுக் கனத்துக்கு இரண்டு நீளம் போதும். ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நிற்கிற நாள்கள் இந்த ஊரில் எல்லாருக்கும் வரும். தீபாவளி முடிந்து கம்பெனிகள் திறக்காத அந்த ஒரு வாரம் இருக்கிறது. அப்போது ஒரு பித்தளை ராடையும் ஒரு பிரான்ஸ் ராடையும் மாட்டி, அளவுக்கு ஐம்பது என்று கடைந்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு புஷ்ஷுக்கு இவ்வளவு, பிவட் தீட்ட இவ்வளவு, புதுப் பிவட் பதிக்க இவ்வளவு என்று பீஸ் ரேட்டை நீங்களே போடுங்கள். குறைத்துப் போட வேண்டாம். நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுக்கக் கடிகாரம் வைத்திருப்பவர்கள் தயார். அவர்களுக்கு இதுவரை கிடைக்காதது விலை சொல்லக்கூடிய ஒரு ஆள். இங்கிருந்து உலகத்துக்கே பனியன் போகிறது, ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிற கடிகாரக்காரருக்கு ஒரு கவரில் பத்து புஷ் போகாதா?

மெக்கானிக் அண்ணன்மார்கள் செய்யவேண்டியது வேறு. நீடில் பார் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று விரல் நுனியாலேயே சொல்லிவிடுகிறவர்கள் நீங்கள். அந்த விரல் கடிகாரத்துக்கும் பொருந்தும். சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் தள்ளும்போது பிவட் துளைக்குள் பக்கவாட்டில் தாவினால் அந்தத் துளை போய்விட்டது என்று பொருள். எந்தெந்தத் துளை என்று மார்க்கரால் குறித்து லேத்துக்கு அனுப்புங்கள். நாலு துளைக்கு வேண்டிய இடத்தில் பதினாறுக்கும் புஷ் போட்டுக் கூலி ஏற்ற வேண்டாம். நல்ல துளையைத் தொடாமல் விடுவதும் வேலையில் சேர்த்திதான்.

முதல் கடிகாரம் வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டாம். பழைய சாமான் கடையில் உடைந்த மூவ்மென்ட் ஒன்றை எடைக்கு வாங்கி, பத்துத் துளையில் பழகுங்கள். பத்தாவது துளையில் சக்கரம் ஐந்து டிகிரி சாய்ந்து, ஊதினால் சுற்றுகிற அளவுக்கு வந்தபிறகு, பட்டறை போர்டில் 'ஷாஃப்ட், புஷ், கியர், கீ-வே' என்று எழுதியிருக்கும் வரிக்குக் கீழே 'கடிகார புஷ் போடப்படும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். போன் நம்பர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
நின்றுபோன கடிகாரத்தை இன்னும் எடைக்குப் போடாதவர்கள் சார்பில்.